வாரத்தில் ஒரு நாள்



வாரத்தில் ஒரு நாள் கைப்பேசியையும் கணினியையும் மூடி வைத்துவிட்டு வாழ்ந்து பார்க்கலாமே என்று சொல்வதற்காக இன்று உங்கள் முன் வந்திருக்கிறேன். இதை வானொலியில் வந்து சொல்வது சற்று வேடிக்கைதான். முன்பெல்லாம் வானொலிப் பேச்சைக் கேட்க வானொலிப் பெட்டி வேண்டும். இன்றோ உங்களில் பலர் இந்தப் பேச்சையே கைப்பேசியின் வழியாகத்தான் கேட்டுக்கொண்டிருப்பீர்கள். அதற்காக உடனே அதை மூடிவிட வேண்டாம். பேச்சு முடியும் வரையிலாவது பொறுத்தருள வேண்டுகிறேன்.

நான் கருவிகளைப் பழிப்பவன் அல்லன். தாயகத்தை விட்டுத் தொலைவில் வாழும் நம் போன்றவர்களுக்குக் கைப்பேசி செய்திருக்கும் நன்மையை மறப்பது நன்றி கொன்ற செயலாகும். 2005ஆம் ஆண்டில் மொழிபெயர்ப்பாளர் பணி ஏற்று நான் தில்லிக்கு வந்தபோது, என் அறையிலிருந்து இரண்டு தெரு தள்ளி ஒரு தொலைபேசிக் கடை இருந்தது. மஞ்சள் நிறப் பலகை, கண்ணாடிக் கதவு, உள்ளே ஒருவர் மட்டும் நிற்கக்கூடிய இடம். ஞாயிற்றுக்கிழமை இரவு அங்கே வரிசையில் நின்று, கும்பகோணத்துக்கு அருகில் இருக்கும் எங்கள் ஊரில் பக்கத்து வீட்டுத் தொலைபேசிக்குப் பேசி, அம்மாவைக் கூப்பிட்டு வரச் சொல்லிக் காத்திருப்பேன். எதிரே சுவரில் சிவப்பு எண்கள் ஓடிக்கொண்டே இருக்கும். அம்மா ஓடி வந்து மூச்சு வாங்குவதற்குள் பதினைந்து ரூபாய் ஆகியிருக்கும். சொல்ல வந்தது ஒன்றும் நினைவுக்கு வராது. "சாப்பிட்டாயா?" "சாப்பிட்டேன்." இவ்வளவுதான் பேச்சு.

இன்று அம்மாவின் முகத்தையே நாள்தோறும் காண்கிறேன். அடுக்களையில் என்ன வேகிறது என்பதுகூடத் தெரிகிறது. இந்தப் பேறு நம் முன்னோருக்குக் கிட்டவில்லை. சென்ற நூற்றாண்டில் கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸில் ஏறி வடக்கே வந்தவர்கள், அடுத்த கடிதம் வரும் வரையில் வீட்டில் நலமா என்று அறியாமலே நாட்களைக் கழித்தார்கள். ஆகவே, இந்தக் கருவியைக் கங்கையிலோ யமுனையிலோ எறிந்துவிடச் சொல்வது என் நோக்கமன்று.

ஆனால் மூன்று ஆண்டுகளுக்கு முன்பு ஒரு நாள் மாலை, அம்மா என்னை ஒரு கேள்வி கேட்டார்கள். அன்றும் வழக்கம்போல் முகம் பார்த்துத்தான் பேசிக்கொண்டிருந்தோம். நான் "சரி அம்மா", "ஆகட்டும் அம்மா" என்று சொல்லிக்கொண்டே, அதே திரையின் ஓரத்தில் வந்து விழுந்த அலுவலகச் செய்தி ஒன்றைப் படித்துக்கொண்டிருந்தேன். அம்மா பேச்சை நிறுத்திவிட்டு, "நீ என்னைத்தான் பார்க்கிறாயா, இல்லை வேறு எதையாவது பார்க்கிறாயா?" என்று கேட்டார்கள். குற்றம் சாட்டும் குரல் அன்று. கண்ணில் புரை அறுவை செய்துகொண்ட பிறகு தமக்குத்தான் சரியாகத் தெரியவில்லையோ என்ற ஐயத்தோடு கேட்டார்கள். நான் "உங்களைத்தான் பார்க்கிறேன்" என்று பொய் சொன்னேன்.

அன்று இரவு உறக்கம் வரவில்லை. சிவப்பு எண்கள் ஓடிய அந்தக் கண்ணாடிக் கூண்டில் பேசிய பேச்சு மூன்று நிமிடமேயானாலும், அந்த மூன்று நிமிடமும் அம்மாவுக்கே உரியதாக இருந்தது. இப்பொழுது அரை மணி நேரம் பேசுகிறேன். அதில் அம்மாவுக்கு உரியது எவ்வளவு? இந்தக் கணக்குத்தான் என்னை இன்றைய பொருளுக்குக் கொண்டுவந்தது.

மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்டவனுக்குச் சொற்களைப் பிரித்துப் பார்க்கும் வழக்கம் போவதில்லை. 'விடுமுறை' என்ற சொல்லில் 'விடு' என்பது முன்னே நிற்கிறது. ஒன்றைப் பிடித்திருப்பவனால்தான் அதை விட முடியும். பிடித்திருப்பது எது என்று அறியாதவனுக்கு விடுமுறை இல்லை. 'நோன்பு' என்ற சொல்லுக்கோ பொறுத்தல், தாங்குதல் என்பது அடிப்படைப் பொருள். நம் பாட்டிமார் ஏகாதசியன்று உணவை விட்டார்கள். அவர்கள் உணவைப் பகையாகக் கருதியவர்கள் அல்லர். மறுநாள் துவாதசிச் சமையலை அவர்களைப்போல் சுவைத்து உண்டவர்களும் இல்லை. விட்டுப் பிடிப்பதில் ஒரு நலம் உண்டு என்பதை அறிந்தவர்கள் அவர்கள்.

ஏழு நாட்களில் ஒரு நாளைத் தனியே எடுத்து வைக்கும் வழக்கம் உலகில் மிகப் பழமையானது. யூதர்களின் சபாத்து நாள் வெள்ளிக்கிழமை சூரியன் மறையும்போது தொடங்கிச் சனிக்கிழமை இரவு வரையில் நீடிக்கும். மரபு தவறாத குடும்பங்களில் அந்நாளில் மின்விளக்கின் விசையைக்கூடத் தொடமாட்டார்கள். வேண்டிய விளக்கை முன்கூட்டியே ஏற்றி வைத்துவிடுவார்கள். கிறிஸ்தவ உலகம் ஞாயிற்றுக்கிழமையைத் தன் ஓய்வு நாளாகக் கொண்டது.

நம் நாட்டில் உழைப்பாளிக்கு ஞாயிறு விடுமுறை தானாகக் கிடைத்துவிடவில்லை. பம்பாய்ப் பஞ்சாலைகளில் ஆண்களும் பெண்களும் வார ஓய்வின்றி உழைத்த காலம் ஒன்று இருந்தது. 1884ஆம் ஆண்டில் நாராயண் மேகாஜி லோகண்டே என்பவர் ஆலைத் தொழிலாளரைத் திரட்டிச் சங்கம் அமைத்தார். வாரத்தில் ஒரு நாள் ஓய்வு வேண்டும் என்பது அவர்களுடைய கோரிக்கைகளுள் ஒன்று. விண்ணப்பங்களும் கூட்டங்களும் ஆண்டுக்கணக்கில் நடந்தன. 1890 ஜூன் 10ஆம் நாள் ஆலை முதலாளிகள் ஞாயிறு விடுமுறைக்கு இணங்கினார்கள். லோகண்டேயின் நினைவாக 2005ஆம் ஆண்டில் நம் அஞ்சல் துறை ஒரு தபால்தலை வெளியிட்டது. மும்பையில் வாழும் தமிழன்பர்கள் பரேல், லால்பாக் பக்கம் செல்லும்போது, பழைய ஆலைகளின் புகைபோக்கி ஏதேனும் கண்ணில் பட்டால் இவரை ஒரு கணம் நினைத்துக்கொள்ளலாம்.

பிறகு 1921ஆம் ஆண்டில் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு, தொழிற்சாலைகளில் வார ஓய்வு பற்றிய உடன்படிக்கையை இயற்றியது. 1923ஆம் ஆண்டில் இந்தியா அதை ஏற்றது. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தில் வார விடுமுறை உறுதி செய்யப்பட்டது. என்னைப் போன்ற மத்திய அரசு ஊழியர்களுக்கு 1985ஆம் ஆண்டிலிருந்து வாரத்தில் ஐந்து நாளே வேலை என்ற முறையும் வந்தது.

இத்தனை முயற்சிகளும் ஒன்றை நம்பியே நடந்தன. ஆலைக்கு ஒரு வாயில் உண்டு. அலுவலகத்துக்கு ஒரு கதவு உண்டு. சங்கு ஊதியதும் வாயிலைக் கடந்து வெளியே வந்தால் வேலை உள்ளேயே நின்றுவிடும். இன்று அந்த வாயிலை நாம் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிகிறோம். வேலை வீட்டுக்கு வருகிறது, கோயிலுக்கும் வருகிறது. லோகண்டே வாங்கித் தந்த ஞாயிற்றுக்கிழமையை யாரும் நம்மிடமிருந்து பறிக்கவில்லை. நாமே சிறிது சிறிதாகத் திருப்பிக் கொடுத்துவிட்டோம்.

என் அனுபவம் ஒன்றைச் சொல்லுகிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை நண்பர் வீட்டுத் திருமணத்தில் இருந்தேன். அலுவலகக் குழுவில் 'அவசரம்' என்று ஒரு பக்கம் வந்தது. அரசு அறிவிப்பு ஒன்றின் தமிழாக்கம் உடனே வேண்டுமாம். பந்தியில் இலை போடுவதற்குள், பெருவிரலாலேயே மொழிபெயர்த்து அனுப்பிவிட்டேன். பலரும் பாராட்டி விரல் உயர்த்தினார்கள். திங்கட்கிழமை காலை அச்சுக்குப் போகுமுன் எடுத்துப் படித்தபோது என் கை நடுங்கியது. ஒரு சலுகை குறிப்பிட்ட பிரிவினருக்குப் 'பொருந்தாது' என்று இருக்க வேண்டிய இடத்தில் 'பொருந்தும்' என்று எழுதியிருந்தேன். அது அச்சாகி ஊர் ஊராகப் போயிருந்தால், எத்தனை ஏழைகள் அந்தச் சலுகையைத் தேடி அலைந்திருப்பார்கள்! நாள் முழுவதும் விழித்திருக்கும் ஊழியன் நல்ல ஊழியன் என்று நானும் நம்பியிருந்தேன். அந்த ஓர் எழுத்துப் பிழை என் நம்பிக்கையைத் திருத்தியது.

நிற்க. நம்மைப்போல் இதை உணர்ந்தவர்கள் பலர் இருக்கிறார்கள். மகாராஷ்டிரத்தில் சாங்லி மாவட்டத்தில் மோஹித்யாஞ்சே வட்காவ் என்று ஒரு சிற்றூர். ஏறத்தாழ மூவாயிரம் மக்கள் வாழ்கிறார்கள். பெருந்தொற்றுக் காலத்தில் பள்ளிகள் மூடியிருந்தபோது பாடத்துக்காகப் பிள்ளைகளின் கையில் கைப்பேசி வந்தது. பள்ளிகள் திறந்த பிறகும் அது கையை விட்டுப் போகவில்லை. 2022ஆம் ஆண்டு சுதந்திர தினத்தையொட்டி ஊரார் கூடி ஒரு முடிவு செய்தார்கள். மாலை 7 மணிக்குக் கோயிலிலிருந்து சங்கு ஒலிக்கும். உடனே எல்லா வீடுகளிலும் தொலைக்காட்சியும் கைப்பேசியும் நிற்க வேண்டும். 8.30 மணிக்கு மறுபடியும் ஒலிக்கும். இடையில் உள்ள ஒன்றரை மணி நேரம் பிள்ளைகள் படிக்கவும், பெரியவர்கள் பேசிக்கொண்டிருக்கவும் உரியது. ஆலைச் சங்கு தொழிலாளியை வேலைக்கு அழைத்தது. இந்தச் சங்கு வீட்டாரை வீட்டுக்கு அழைக்கிறது.

இந்தோனேசியாவில் பாலித் தீவின் இந்துக்கள் தங்கள் புத்தாண்டை நியேபி என்ற மௌன நாளாகக் கொண்டாடுகிறார்கள். அன்று தெருவில் நடமாட்டம் இல்லை. விளக்கு ஒளி வெளியே தெரியக் கூடாது. விமான நிலையமும் மூடியிருக்கும். 2018ஆம் ஆண்டில் அந்த நாளில் கைப்பேசி இணையத்தையும் அங்கே நிறுத்தினார்கள். ஆனால் மருத்துவமனை முதலிய இன்றியமையாத இடங்களுக்கு இணைப்பை விட்டு வைத்தார்கள். இந்த விலக்கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கிறது.

சட்டத்தின் துணையை நாடியவர்களும் உண்டு. பணிநேரத்துக்குப் பிறகு தொடர்பைத் துண்டித்துக்கொள்ளும் உரிமை பிரான்சில் 2017ஆம் ஆண்டிலும், ஆஸ்திரேலியாவில் 2024ஆம் ஆண்டிலும் சட்டமாயிற்று. நம் மக்களவையிலும் இதற்கான தனிநபர் மசோதா கொண்டுவரப்பட்டதுண்டு. பெங்களூரில் உள்ள நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம், கருவிகளை விட முடியாமல் துன்புறுவோருக்காக 2014ஆம் ஆண்டிலேயே தனி மருத்துவப் பிரிவு ஒன்றைத் தொடங்கியது. ஆகவே இது வேலையற்றவர்களின் கற்பனைக் கவலை அன்று.

இவை எல்லாவற்றிலும் என் மனத்தில் ஆழமாகப் பதிந்தது காந்தியடிகளின் திங்கட்கிழமை மௌனம். வாரந்தோறும் திங்கட்கிழமை அவர் பேசுவதில்லை. அன்று வேண்டியதை எழுதிக் காட்டுவார். 1947 ஜூன் 2ஆம் நாள் திங்கட்கிழமை. நாட்டைப் பிரிக்கும் திட்டத்தை எடுத்துரைப்பதற்காக மவுண்ட்பேட்டன் தலைவர்களைச் சந்தித்த நாள் அது. காந்தியடிகளும் சென்றார். அவர் எவ்வளவு கடுமையாக எதிர்ப்பாரோ என்று மவுண்ட்பேட்டன் அஞ்சிக்கொண்டிருந்தார். ஆனால் அன்று மௌன நாள். பழைய கடித உறைகளின் பின்புறத்தில் பென்சிலால் எழுதியே அடிகள் தம் கருத்தைத் தெரிவித்தார். இந்த நோன்பை மேற்கொண்டபோதே தாம் இரண்டு விலக்குகளை வைத்துக்கொண்டதையும் அதில் குறிப்பிட்டிருந்தார். உயர் பொறுப்பில் இருப்பவர்களிடம் அவசரக் காரியம் பற்றிப் பேசுவது ஒன்று. நோயாளிகளுக்குப் பணிவிடை செய்யும்போது பேசுவது மற்றொன்று.

இந்த நிகழ்ச்சியை நான் முன்பே படித்திருந்தேன். ஆனால் விலக்குகள் எதற்காக என்று எண்ணிப் பார்க்கவில்லை. அதற்காக நான் கொடுத்த விலையை இனிச் சொல்லுகிறேன்.

எங்கள் வீட்டில் நாங்கள் நால்வர். சனிக்கிழமை இரவு உணவு முடிந்ததும் கைப்பேசிகளையும் மடிக்கணினியையும் ஒரு பழைய பிஸ்கோத்து டப்பாவிலும் அலமாரியிலுமாக வைத்துப் பூட்டுவது. ஞாயிறு மாலை விளக்கேற்றிய பிறகு எடுப்பது. இதுதான் நாங்கள் செய்த முடிவு. முதல் ஞாயிறு மிகவும் நீளமாக இருந்தது. நொடிக்கொரு முறை கை சட்டைப்பையைத் தடவிற்று. பத்தாம் வகுப்பில் படிக்கும் என் மகள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். மகன் பத்து முறை மணி கேட்டான். வீட்டில் சுவர்க்கடிகாரம் நின்று எத்தனை மாதம் ஆயிற்று என்பதே அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது.

நாலாவது ஞாயிறு ராமகிருஷ்ணபுரம் மலை மந்திருக்கு நடந்தே போனோம். படியேறி வந்த பிறகு அப்படியே மரத்தடியில் உட்கார்ந்திருந்தோம். ஒருவரும் படம் எடுக்கவில்லை. எடுக்க ஒன்றும் இல்லையே! மகன் வந்து என் மடியில் தலை வைத்துப் படுத்துக்கொண்டான். எட்டு வயதுப் பையன் அப்படிச் செய்து எவ்வளவோ நாளாகியிருந்தது.

எட்டாவது ஞாயிறு மாலை விளக்கேற்றிவிட்டு டப்பாவைத் திறந்தேன். திருச்சியில் இருக்கும் என் அக்காவிடமிருந்து இருபத்தேழு அழைப்புகள் வந்திருந்தன. காலை எட்டரை மணிக்குக் கிணற்றடியில் அம்மா வழுக்கி விழுந்துவிட்டார்கள். பக்கத்து வீட்டார் எடுத்துக்கொண்டு போய் மருத்துவமனையில் சேர்த்திருந்தார்கள். மணிக்கட்டில் எலும்பு முறிவு. நெற்றியில் நாலு தையல். அக்கா பேருந்து பிடித்து ஓடியிருக்கிறாள். வழியெல்லாம் என்னை அழைத்துக்கொண்டே இருந்திருக்கிறாள். எல்லாம் முடிந்து, அம்மா மருந்தின் மயக்கத்தில் உறங்கத் தொடங்கிய பிறகு நான் பேசுகிறேன்.

அக்கா சொன்னதை நான் மறக்க மாட்டேன். "இவ்வளவு தூரத்தில் இருப்பவனுக்கு இருப்பது அந்த ஒரு வழிதான். அதையும் அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாயே!" என்றாள். நான் பதில் சொல்லவில்லை. சொல்லப் பதிலும் இல்லை. மறுநாள் காலை விமானத்தில் புறப்பட்டுப் போனேன்.

அம்மா என்னைக் கடிந்துகொள்ளவில்லை. கட்டுப் போட்ட கையை நெஞ்சின்மீது வைத்துக்கொண்டு, "நீ அங்கே அதை மூடி வைத்திருந்தால் என்ன, திறந்து வைத்திருந்தால் என்ன? விழுந்தவளைத் தூக்க அதனால் முடியுமா?" என்று சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் குரலைக் கேட்டிருந்தால் அம்மாவின் வலி தணிந்திருக்காதுதான். ஆனால் தனியே பேருந்தில் போய்க்கொண்டிருந்த அக்காவின் அச்சம் பாதியாகக் குறைந்திருக்கும். அதை நான் செய்யத் தவறினேன்.

இந்த ஓய்வு நாளே வேண்டாம் என்று விட்டுவிட எண்ணினேன். அம்மாவின் கட்டிலருகே உட்கார்ந்திருந்தபோதுதான் காந்தியடிகளின் இரண்டு விலக்குகள் நினைவுக்கு வந்தன. சபாத்து நாளைக் கடுமையாகக் காக்கும் யூதர்களும் உயிரைக் காப்பாற்ற வேண்டி வரும்போது அந்த விதியை மீறலாம் என்பது மட்டுமன்று, மீறியே ஆக வேண்டும் என்று கொண்டிருக்கிறார்கள். பாலித் தீவினரும் மருத்துவமனைக்கு வழி விட்டார்கள். நோன்பு காத்துப் பழகிய மக்கள் யாவரும் விலக்கை முதலிலேயே எண்ணி வைத்திருக்கிறார்கள். புதிதாகத் தொடங்கிய எனக்கு வேகம் இருந்தது, விவேகம் இல்லை. தவறு ஓய்வு நாளில் இல்லை. நான் அதை அமைத்த முறையில் இருந்தது.

தில்லிக்குத் திரும்பியதும் பொத்தான் வைத்த எளிய கைப்பேசி ஒன்றை வாங்கினேன். படம் காட்டாது, பேச மட்டுமே பயன்படும். அதன் எண் நான்கு பேருக்குத்தான் தெரியும்: அம்மா, அக்கா, ஊரில் பக்கத்து வீட்டார், இங்கே எதிர்வீட்டு நண்பர். ஞாயிற்றுக்கிழமை அது கூடத்தில் மேசைமேல் இருக்கும். இந்த இரண்டு ஆண்டுகளில் ஞாயிறுகளில் அது மூன்று முறை ஒலித்திருக்கிறது. அவற்றுள் ஒன்று தவறான எண். இப்பொழுது ஞாயிற்றுக்கிழமை எனக்கு அச்சம் இல்லை. அலுவலகத்துக்கும் முன்கூட்டியே சொல்லிவிட்டேன். மேலதிகாரி முதலில் முகம் சுளித்தார். மெய்யாகவே அவசரமான வேலை இருந்தால் சனிக்கிழமை மாலைக்குள் தெரிவித்துவிட்டால் நேரில் வந்து செய்து தருவேன் என்றேன். அப்படி ஒரு வேலை இதுவரையில் இரண்டு முறைதான் வந்தது.

இனி இந்த ஓய்வு நாள் எனக்குக் கொடுத்தது என்ன என்று சொல்ல வேண்டும். ஞாயிறு பிற்பகலில் அம்மாவுக்குக் கடிதம் எழுதத் தொடங்கினேன். நீலநிற உள்நாட்டுக் கடிதத்தாள் அஞ்சலகத்தில் இன்னமும் கிடைக்கிறது என்பதைக் கண்டு வியந்தேன். முதல் கடிதத்தில் பாதிப் பக்கத்துக்கு மேல் ஓடவில்லை. நாள்தோறும் பேசுகிறவனுக்கு எழுத என்ன இருக்கிறது? ஆனால் எழுத எழுத, பேச்சில் ஒருபோதும் வராதவை வந்தன. அப்பா இறந்த ஆண்டில் நான் ஊருக்கு வராமல் இங்கேயே தங்கிவிட்டது பற்றி, பதினெட்டு ஆண்டுகளுக்குப் பிறகு, ஒரு கடிதத்தில்தான் அம்மாவிடம் மன்னிப்புக் கேட்க முடிந்தது. முகம் பார்த்துக் கேட்க முடியாததை மை கேட்டுத் தந்தது.

கை குணமானதும் அம்மா பதில் எழுதினார்கள். வளைந்து நெளிந்த எழுத்து. வரிக்கு வரி இடம் விடாமல், ஓரத்திலும் திருப்பி எழுதிய கடிதம். இங்கேதான் எதிர்பாராத ஒன்று நடந்தது. தில்லியில் பிறந்து வளர்ந்த என் மகள் தமிழ் பேசுவாள், படிக்கத் தெரியாது. எத்தனையோ முறை சொல்லிக் கொடுக்க முயன்று தோற்றிருக்கிறேன். பாட்டியின் கடிதத்தில் தன் பெயர் நாலு இடத்தில் வருகிறது என்று நான் சொன்னதும், "எங்கே, காட்டுங்கள்" என்று அருகில் வந்து உட்கார்ந்தாள். என்னதான் எழுதியிருக்கிறது என்று அறியும் ஆவல்! ஞாயிறுதோறும் ஒரு பத்தி என்று எழுத்துக் கூட்டிப் படிக்கலானாள். ஆறு மாதத்தில் முழுக் கடிதத்தையும் தானே படித்தாள். சென்ற பொங்கலுக்குப் பாட்டிக்குத் தமிழில் நாலு வரி எழுதினாள். 'மழை' என்பதை 'மளை' என்று எழுதியிருந்தாள். அம்மா அதைத் திருத்தாமல் பெட்டியில் பத்திரமாக வைத்திருக்கிறார்களாம்.

வெளிமாநிலத்தில் வாழும் நமக்குத் தமிழ் எங்கே போய்விடுமோ என்ற கவலை எப்பொழுதும் உண்டு. அதற்காகச் சங்கம் வைக்கிறோம், பள்ளி நடத்துகிறோம், விழா எடுக்கிறோம். அவை யாவும் வேண்டியவையே. ஆனால் மொழி தங்குவதற்கு வீட்டில் ஓய்ந்த பொழுது வேண்டும். நான்கு பேர் நான்கு திரைகளைப் பார்த்துக்கொண்டிருக்கும் வீட்டில் எந்த மொழியும் பேசப்படுவதில்லை.

இதைத் தொடங்க விரும்பும் அன்பர்களுக்குச் சில குறிப்புகள் சொல்லுகிறேன். முதலாவது, விலக்கை முதலில் எழுதுங்கள். நோய், முதுமை, பேறுகாலம் இவை உள்ள வீடுகளில் பேசுவதற்கு ஒரு வழி திறந்தே இருக்கட்டும். இரண்டாவது, முந்தின நாளே ஏற்பாடு செய்யுங்கள். காய்கறிக்காரரிடம்கூடக் கைப்பேசியைக் காட்டியே பணம் கொடுத்துப் பழகிவிட்டோம். ஆகவே சிறிது சில்லறை வேண்டும். கைக்கடிகாரமும் நாட்காட்டியும் வேண்டும். போக வேண்டிய இடத்தின் முகவரியையும் முக்கியமான எண்களையும் ஒரு தாளில் எழுதி வையுங்கள். மூன்றாவது, பெரியவர்களிடமிருந்து தொடங்குங்கள். தந்தை கைப்பேசியை வைத்துக்கொண்டு பிள்ளையிடமிருந்து பிடுங்குவது நோன்பாகாது, தண்டனையாகும். நான்காவது, காலியான பொழுதில் என்ன செய்வது என்று முன்பே பட்டியல் போடாதீர்கள். சற்றுச் சலிப்பு வரட்டும். அந்தச் சலிப்பைத் தாண்டித்தான் பேச்சும் விளையாட்டும் வருகின்றன. ஐந்தாவது, ஒரு வாரம் தவறிவிட்டால் அடுத்த வாரம் தொடருங்கள். ஏகாதசியன்று தெரியாமல் காப்பி குடித்துவிட்ட பாட்டி விரதத்தையே விட்டுவிடவில்லை.

எல்லாருக்கும் இது இயலாது என்பதையும் அறிவேன். கைப்பேசியில் வரும் கட்டளையை நம்பி வண்டி ஓட்டுகிறவருக்கும், வீடு வீடாக உணவு கொண்டுபோய்க் கொடுக்கிறவருக்கும் அதை மூடுவது அன்றைய கூலியை இழப்பதாகும். இரவுப் பணியில் இருக்கும் செவிலியருக்கு ஞாயிறும் ஒன்றுதான், புதனும் ஒன்றுதான். 1890ஆம் ஆண்டுக்கு முந்தைய ஆலைத் தொழிலாளியின் நிலையில் இன்றும் சிலர் இருக்கிறார்கள் என்றே சொல்ல வேண்டும். ஓய்வை வீட்டுக்குள் நாமாக ஏற்படுத்திக்கொள்ள இயலும் நிலையில் இருப்பவர்கள், அது இயலாத இவர்களை மறக்கலாகாது. குறைந்த அளவு, நம் ஓய்வு நாளில் நாமும் இவர்களை வீண் அவசரத்துக்கு விரட்டாமல் இருக்கலாம். முழு நாள் முடியாதவர்களுக்கு வட்காவ் ஊரார் காட்டிய ஒன்றரை மணி நேரம் இருக்கவே இருக்கிறது.

கடைசியாக ஒரு சொல். ஞாயிறு மாலை விளக்கேற்றி, டப்பாவைத் திறந்ததும் நான் முதலில் செய்வது அம்மாவை அழைப்பதுதான். அப்பொழுது திரையின் ஓரத்தில் நூறு செய்திகள் வந்து காத்திருக்கும். ஒரு நாள் காத்திருந்தவை இன்னும் அரை மணி நேரம் காத்திருக்க மாட்டாவா? சென்ற வாரம் பேசிக்கொண்டே இருந்தபோது அம்மா சட்டென்று நிறுத்தி, "உனக்கு இடது பக்கம் நரை விழுந்திருக்கிறது, பார்த்தாயா?" என்றார்கள். "நீங்களும் இளைத்திருக்கிறீர்கள், கழுத்துச் சங்கிலி இறங்கித் தெரிகிறது" என்றேன். அம்மா சிறிது நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "இப்பொழுது பார்க்கிறாய்" என்றார்கள்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை நீங்களும் ஒரு டப்பாவைத் தேடி எடுத்து வையுங்கள்.